துடைப்பக்காரியின் வாசல்

எங்கள் ஊர் மேயர்கள் சாதித்தது என்ன என்று தெரிந்துகொள்ள யாரும் நகராட்சிக்குப் போய் விசாரிக்க வேண்டாம். ஊர் நடுச் சதுக்கமான பிளாசாவின் கிழக்கு ஓரத்தில் பியாங் அக்கா வீட்டு வாசலில் நின்று கீழே பார்த்தால் போதும். சான் ரொமுவால்தோவில் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் பிளாசாவைச் சுற்றிய சாலைமேல் புதிதாக ஒரு காங்கிரீட் அடுக்கு விழும். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மேயர் மாறினால் அவருக்கும் ஒரு அடுக்கு. இப்படியே சாலை வளர்ந்து வளர்ந்து, அந்த வீட்டின் கீழ்த்தளம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளத்தில் போய்விட்டது. மழைக்காலத்தில் பிளாசாவின் தண்ணீர் முதலில் நலம் விசாரிப்பது அவள் அடுப்பைத்தான்.

பிளாசா மட்டும் சும்மா இருந்ததா? ஸ்பானியர் காலத்துத் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிவிட்டு, அமெரிக்கர் காலத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார ஒரு எட்டுமூலை மண்டபம் கட்டினார்கள். ஜப்பான்காரன் வந்து அதில் குதிரை கட்டினான். பிறகு ஒரு மேயர் மண்டபத்தை இடித்துத் தேங்காய் வடிவத்தில் ஒரு நீரூற்று வைத்தார். அது ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் பீச்சும், மற்ற நாளெல்லாம் கொசு வளர்க்கும். அடுத்தவர் கூடைப்பந்து மைதானம் போட்டு அதற்குத் தகரக் கூரையும் போட்டார். கூரை எழும்பியதில் கோயில் வாசலிலிருந்து நகராட்சி தெரியாது, நகராட்சியிலிருந்து கோயில் தெரியாது. இரண்டு தரப்புக்கும் அது வசதியாகவே இருந்தது. சினிமாக் கொட்டகை அடகுக்கடை ஆயிற்று. ஒரு பெரிய வீடு எரிந்துபோய் அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த பர்கர் கடை வந்தது. பழைய கோர்ட்டுக் கட்டடத்தின் கீழே செல்போன் ரிப்பேர் கடை, அதற்கு அடுத்து என்னுடைய முடிவெட்டும் கடை. என் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியில் உங்கள் முகத்துக்குப் பின்னால் பியாங் வீடு முழுசாகத் தெரியும். அதனால் அந்த வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கல்லால் கட்டிய கீழ்த்தளம், மரத்தால் கட்டிய மேல்தளம், சிப்பித் தகடு பதித்த தள்ளு ஜன்னல்கள். மேலே ரூஃபோவும் அவன் மனைவி லெட்டியும் மகள் ஐராவும். ரூஃபோ ட்ரைசிகிள், அதாவது பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள், வாடகைக்கு ஓட்டுகிறவன். கீழே அவன் அக்கா பொலிகார்ப்பியா, ஊருக்குப் பியாங். கல்யாணம் செய்துகொள்ளாதவள். கேட்ட மாப்பிள்ளைகள் எல்லாரும் அவள் வாய்க்குப் பயந்து கப்பலேறிவிட்டார்கள் என்று சொல்வோம், அவளும் ஆமாம் என்பாள். காலையில் இஞ்சிக் கஞ்சி, மாலையில் வாழையிலையில் பன்சிட் நூடுல்ஸ். முள்கரண்டி கேட்டால் கிடைக்காது. வினிகரை ஊற்றி, இலையைக் கையில் ஏந்தி, வாயாலேயே வாரித் தின்ன வேண்டும். கஞ்சிக்கு மேல் தூவும் பூண்டை அவள் வறுக்கிற வாசனை வந்தால்தான் நான் கடைக் கதவைத் தூக்குவேன்.

அந்தக் கீழ்த்தளம் கஞ்சிக்கடைக்காகக் கட்டியது அல்ல. அது ஒரு புனிதையின் சப்பரத்துக்காகக் கட்டியது. இந்தப் பக்கத்தில் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துச் சுரூபங்கள், அதாவது புனிதர் சிலைகள், கோயிலுக்குச் சொந்தமில்லை, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். வருசம் முழுக்க அந்தக் குடும்பம் வைத்துப் பராமரித்து, பெரிய வெள்ளியன்று உடுத்தி, ஜோடித்து, சப்பரத்தில் ஏற்றி வாசல் வழியாக வெளியே கொண்டுவரும். இவர்களிடம் இருப்பது யாகப்பரின் தாய் மரியம்மாள். ஆண்டவரின் கல்லறையைப் பெருக்கப் போனவள் என்று கையில் ஒரு வெள்ளித் துடைப்பம் இருக்கும். பக்தியோடு சொல்வதென்றால் மரியம்மாள். எங்களுக்கு அவள் துடைப்பக்காரி. அவளுக்குப் பின்னால் தூபக்கலசம் ஏந்திய சலோமே, அதாவது சாம்பிராணிக்காரி. அதற்கும் பின்னால் தைலக் குப்பியோடு மதலேன். இந்த வரிசை மாறாது.

சிக்கல் இதுதான். சாலை மேலே வந்துகொண்டிருந்த அதே காலத்தில் புனிதையும் மேலே போய்க்கொண்டிருந்தாள். இந்தக் குடும்பத்தில் யாருக்குப் பெரிய நோய் வந்து தெளிந்தாலும், நேர்ச்சையாகத் துடைப்பக்காரியின் தலைக்கு முன்னதைவிடப் பெரிய ஒளிவட்டம் செய்து வைப்பார்கள். கடைசியாக வைத்தது டொராண்டோவில் இருக்கும் பியாங்கின் தங்கை பெர்பி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து பிழைத்தவள், மயில் தோகை விரித்த மாதிரி ஒன்றை அனுப்பிவிட்டாள். சாலையில் மேயர், தலையில் பெர்பி. நடுவில் மாட்டிக்கொண்டது வாசல்.

அந்தத் தவக்காலத்தில்தான் சாந்தில்லான் வந்தான். மணிலாவில் ஒரு கம்பெனிக்காரன். பழைய வீடுகளை வாங்கி, பலகை பலகையாகக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கடற்கரையில் திரும்ப நிறுத்தி, தங்க வருகிறவர்களுக்கு அறை விடுகிற தொழில். பியாங்கின் அல்மொஹேரா குடும்பத்து வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ரூஃபோ உள்பட. பாக்கி பியாங் ஒருத்திதான். சாந்தில்லான் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது என்பதே பியாங்குக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில் நான் கஞ்சிக்கடையில் இருந்தேன். சாந்தில்லானும் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இப்ப உங்க கதவு கால் புதைஞ்சு நிக்குது. அங்க கொண்டுபோய் நிறுத்தினா முழுசா நிக்கும். கடலைப் பாத்து நிக்கும்."

"கடலைப் பாத்து நின்னு என்ன செய்யும்? குளிக்குமா?"

"வர்றவங்க காலைல அந்த ஜன்னலைத் திறந்து..."

"எந்த ஜன்னலை? என் கட்டிலுக்கு மேல இருக்கறதையா?"

"ஆமாக்கா."

"கொறட்டை விடாத ஆளாப் பாத்து விடு தம்பி. சுவரு மெல்லிசு, பக்கத்து அறைக்காரன் பாவம்."

மாடிப்படியில் இறங்கி வந்த ரூஃபோ என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா தெர்யோ அண்ணே, அவளே அறை விட ஆரம்பிச்சுட்டா. கையெழுத்தை மட்டும் போட்டுட்டு மிச்சத்தைப் பேசச் சொல்லுங்க."

"நீ வாயை மூடிட்டுக் கஞ்சியைக் குடி."

"குடிக்கிறேன். ஆனா சொல்லு, உனக்கு இங்க என்னதான்க்கா இருக்கு? மழை பெஞ்சா தண்ணி. வெயிலடிச்சா கறையான். ஐராவுக்கு மணிலா நர்ஸ் காலேஜ்ல இடம் கெடைச்சிருக்கு, ஜூனுக்குள்ள போய்ச் சேரணும். நான் ட்ரைசிகிள் ஓட்டி அவளை நர்ஸாக்க முடியுமா?"

ஐரா அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடித்திருந்த பெண். தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் குழாயை நன்றாகத் திருகிவிட்டுக்கொண்டாள், தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டும் என்று.

பியாங் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாதாடா? நான் கேக்கறதுக்கு ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே. வீடு போயிட்டா இவ எந்தக் கதவு வழியா வெளிய வருவா?"

அவள் தலையசைத்த பக்கம், கடையின் பின்பாதியில், திரைக்கு அந்தப்புறம் துடைப்பக்காரியின் சப்பரம் நின்றது.

"இந்தக் கதவு வழியா மட்டும் வந்துருவாளாக்கும்! போன வருசமே ஒளிவட்டம் உரசுச்சு. போன மாசம் மேயரு இன்னொரு அடுக்கு போட்டுட்டாரு. நான் அளந்து பாத்துட்டேன்க்கா. ரோட்டுக்கு ஏத்தச் சறுக்குப் பலகை வச்சா, அதுல ஏறும்போதே வாசல் உத்தரத்துல முட்டும். இந்த வருசம் அவ வரமாட்டா."

"வருவா."

"எப்படி வருவா? குனிஞ்சா?"

"வருவாடா."

"சரி, வரலைன்னா?"

பியாங் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "வரலைன்னா, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து கையெழுத்துப் போடுறேன். வந்துட்டா போடமாட்டேன். அதுக்கப்பறம் எவனும் என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"அண்ணே, நீங்க சாட்சி" என்றான் ரூஃபோ. என் வாய் நிறையக் கஞ்சி. தலையை ஆட்டி வைத்தேன்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. என் கடையில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

யோசனை சொல்ல வராத ஆள் இல்லை. ஒளிவட்டத்தைக் கழற்றி வெளியே வந்ததும் மாட்டலாமே என்றார்கள். பெர்பி டொராண்டோவிலிருந்து போனில் அழுதாள்: "கழட்டினா எனக்குத் திரும்ப வந்துரும்க்கா. நேந்துகிட்டதை எடுக்கலாமா?" சுரூபத்தைக் கையால் தூக்கி வெளியே கொண்டுபோய்ச் சப்பரத்தில் ஏற்றலாமே என்றார்கள். அதுவும் ஆகாது. புனிதையை உடுத்துவது குடும்பத்துப் பெண்கள். கதவைச் சாத்தி, திரை போட்டு, ஆண்பிள்ளை எவனும் பார்க்காமல் உடுத்துவார்கள். உடுத்தி முடித்த பிறகு, ஊர்வலம் போய்த் திரும்பி வரும்வரை அவள்மேல் ஒரு கையும் படக் கூடாது. உத்தரத்தை அறுக்கலாமா என்று தச்சனைக் கூப்பிட்டுக் கேட்டாள் பியாங். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, "அறுக்கலாம். அவ வெளிய வருவா, மாடி உள்ள வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெரிய வியாழனன்று ரூஃபோ தானாகவே சப்பரத்தின் டயர்களில் காற்றைப் பிடுங்கினான். அக்கா கேட்கவில்லை. "தோக்கப்போறா, பாவம். ஏமாத்திட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க" என்றான் என்னிடம். பிறகு ஒரு கழியை வைத்து அளந்தான். அப்படியும் நாலு விரல் உயரம் இடித்தது. அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்க யோசிக்கும். ஆண்டவர் இறந்து கிடக்கிற நாள். ஆணி அடிக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, மூன்று மணிக்கு மேல் குளிக்கக் கூடாது, சத்தமாகச் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். அன்றைக்குப் படுகிற காயம் லேசில் ஆறாது என்பார்கள். கறி கிடையாது. எல்லார் வீட்டிலும் தேங்காய்ப்பாலில் வெந்த மாவுருண்டைதான். கூடைப்பந்து மைதானத்துக் கூரைக்குக் கீழே பெண்கள் முந்தாநாளிலிருந்து ஆண்டவர் பட்ட பாடுகளின் பாட்டை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள், தகரம் அதை இரண்டாகத் திருப்பிப் பாடியது. வெயில் காங்கிரீட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

நான்கு மணிக்குச் சப்பரங்கள் பிளாசாவைச் சுற்றி வரிசைக்கு வர ஆரம்பித்தன. முன்னால் கையில் சாவியோடு இராயப்பர், பின்னால் ஒவ்வொருவராக. பியாங் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருட்டில் துடைப்பக்காரி நின்றாள். கறுப்பு வெல்வெட், பொன்சரிகை, வெள்ளைப் பூக்கள், பெர்பியின் தோகை. பியாங், லெட்டி, ஐரா மூவரும் கறுப்பு உடுத்திப் பின்னால் நின்றார்கள். ரூஃபோ சப்பரத்தின் பிடியில் கை வைத்து, பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு தள்ளினான். முன்சக்கரம் சறுக்குப் பலகையில் ஏறியது. மேலே உலோகம் மரத்தில் முட்டுகிற சத்தம், மெல்லத்தான், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

இறக்கினார்கள். திரும்ப ஏற்றினார்கள். திரும்ப முட்டியது.

பியாங் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போதும்டா. விடு" என்றாள்.

ரூஃபோ கையை எடுத்தான். ஜெயித்துவிட்டான். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஊர்வலத்தை நடத்துகிற கிளெமென்ட்டே அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். மனுசர் கெட்டவர் இல்லை, நேரம் ஆகிறதே என்ற கவலை.

"துடைப்பக்காரி இந்த வருசம் வரல. அடுத்தது வாங்க. சாம்பிராணிக்காரி முன்னால வாங்க."

சாம்பிராணிக்காரியின் சப்பரம் அசைந்தது. நேராக வந்து, பியாங் வீட்டு வாசலைக் கடக்கப் போனது. ரூஃபோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வீட்டை விற்கத் தயாராக இருந்தவன். கதவு போனால் போகட்டும் என்றவன். ஆனால் அவள் வராவிட்டால் ஊர்வலம் அவளை விட்டுவிட்டு நகரும் என்பது அவன் மண்டையில் அதுவரை ஏறவேயில்லை என்று நினைக்கிறேன். சறுக்குப் பலகையில் ஓடி ஏறிச் சாலைக்கு வந்து, சாம்பிராணிக்காரியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான்.

"யாரு வரல?"

"ரூஃபோ, வழியை விடு. சாமியார் வெயில்ல நிக்கறாரு."

"நிக்கட்டும். ஆண்டவர் நிக்கலையா? யாரு வரலைன்னு கேட்டேன்."

"டேய், உள்ளதைத்தானே சொல்றேன். வெளிய வர முடியல, என்ன செய்யச் சொல்றே?"

"பெருக்காம புகை போடுவீங்களாய்யா? கல்லறையை எவ பெருக்குவா? உன் பொண்டாட்டியா?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ரூஃபோ அதற்குள் பஞ்சர் கடைப் பக்கம் ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை. வாசலுக்கு நேரே, மேயரின் புதுச் சாலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் கடப்பாரைச் சத்தம். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். பாட்டு நின்றது. கிளெமென்ட்டே ஒலிபெருக்கியை அணைக்க மறந்து "ஐயோ, ஐயோ" என்றது ஊரெல்லாம் கேட்டது. எல்லாரும் சாமியாரைப் பார்த்தோம். வயது குறைந்த, கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார். அவர் ரூஃபோவைப் பார்த்தார், புனிதையைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பிக் கோயிலைப் பார்த்து நின்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். அது எங்களுக்குப் போதும். ஆளுக்கொரு மண்வெட்டி, கடப்பாரை, ஒன்றும் கிடைக்காதவன் கைக்குக் கிடைத்த இரும்பு. சப்பரம் வாசலை நேராகக் கடந்து, வெளியே வந்த பிறகு சரிவாக ஏற ஒரு பள்ளம் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வெட்டினோம். ஐரா கறுப்பு உடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, உடைந்த கல்லைக் கையால் வாரி வாளியில் போட்டாள்.

மேல் அடுக்கு ரொட்டி மாதிரி உதிர்ந்தது. சிமெண்ட் குறைவாகப் போட்டதற்காக ஊர் மேயருக்கு நன்றி சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான். அதற்குக் கீழே போன மேயரின் அடுக்கு. அதற்கும் கீழே அவருடைய மாமனாரின் அடுக்கு, அது கொஞ்சம் நேர்மையானது, வேர்க்க வைத்தது. பிறகு தார். பிறகு அமெரிக்கர் போட்ட சரளை. கடைசியாக ஆற்றுக்கல் பாவிய பழைய தரை தெரிந்தது. அதில் வாசலிலிருந்து வெளியே வர, சப்பரச் சக்கரங்களுக்கென்றே செதுக்கிய இரண்டு தடங்கள். அவை அங்கே இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் கையை நிறுத்திக்கொண்டோம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவள் வந்தாள். சக்கரங்கள் அந்தத் தடங்களில் இறங்கி உருண்டன. பெர்பியின் தோகைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. பிறகு சரிவில் ஏறிச் சாலைக்கு வந்து, சாம்பிராணிக்காரிக்கு முன்னால் தன் இடத்தில் நின்றாள். யாரும் கைதட்டவில்லை, அன்றைக்குத் தட்டக் கூடாது. பியாங் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தாள். ரூஃபோ மண்ணும் வியர்வையுமாகச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். கையெழுத்து இல்லை, வீடு போகாது, மகளுக்குக் காலேஜ் இல்லை. பிளாசாவின் மூலை திரும்பும்வரை அது அவனுக்கு நினைவுக்கு வந்திருக்காது.

லெட்டிக்கு வந்திருந்தது. உயிர்ப்பு ஞாயிறன்றே அவள் ரூஃபோவோடு பேசுவதை நிறுத்தினாள்.

மேயர் என்ன செய்தார்? போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தோம். போட்டோக்காரன்தான் வந்தான். அந்தப் பழைய கல்தடங்களுக்குப் பக்கத்தில் மேயர் குனிந்து நிற்கிற படத்தைப் பெரிய பேனராக அடித்து, மரபு காக்கும் மேயர் என்று கூடைப்பந்து மைதானத்துக் கூரைமேல் கட்டினார்கள். பள்ளத்தைச் சுற்றி ஒரு கம்பி வேலியும் போட்டார்கள். ரூஃபோவுக்குப் புகழ் ஏறிவிட்டது. அவன் ட்ரைசிகிளில் ஏறுகிறவர்கள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்டார்கள். அவனும் அலுக்காமல் சொன்னான். சொல்லச் சொல்லக் காங்கிரீட் கெட்டியாகிக்கொண்டே போனது.

பியாங் ஒருநாள் அவனிடம் கேட்டாள். நான் இலையை ஏந்தி நின்று பன்சிட் தின்றுகொண்டிருந்தேன்.

"ரூஃபோ, ஐரா காலேஜுக்கு என்னடா வழி?"

"அடுத்த வருசம் பாப்போம்."

"சாந்தில்லான் நேத்துகூடப் பேசினான். இன்னும் வேணும்கறான்."

"என்னக்கா, விளையாடுறியா? ஊரே பாத்துச்சு. இனிமே நீ போடுறேன்னாலும் நான் விடமாட்டேன். நம்ம வீடு இது!"

மாடிப்படியிலிருந்து லெட்டியின் குரல் வந்தது. ரூஃபோவிடம் பேசாமல் பியாங்கைத் தூது வைத்துப் பேசினாள். "கதை கேக்கறவன் எவனும் பீஸ் கட்டமாட்டான்னு சொல்லுங்கண்ணி அவர்கிட்ட."

பியாங் அடுப்பைத் தணித்தாள்.

ஜூன் வந்தது, காலேஜ் திறந்தது. ஐரா பர்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் காலையிலிருந்து மாலைவரை நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீடு நேர் எதிரே. காலையில் பாத்திரம் கழுவக் கீழே வருவதையும் நிறுத்திவிட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. பேசினால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பியாங்குக்குக் கஞ்சியில் உப்பு முன்பின்னாகப் போக ஆரம்பித்தது அப்போதுதான். நாங்கள் குறை சொல்லாமல் குடித்தோம்.

ஒரு மத்தியானம் என் கடையில் மின்விசிறி நின்றுபோனது. குளிர்காற்றுக்காகப் பர்கர் கடைக்குப் போய், எதையோ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பியாங் உள்ளே வந்தாள். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"சாப்டியாடி?"

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுவரக் கூடாதுத்தை."

"நான் திங்கறதுக்கில்ல, உனக்கு."

"நானும் இங்க வச்சுத் திங்கக் கூடாது." ஐரா சுற்றிலும் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்தாள். கூட்டம் இல்லாத நேரம். பியாங் போகவில்லை.

"என்மேல கோவமா?"

"இல்லத்தை."

"உண்மையைச் சொல்லு."

ஐரா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். உள்ளங்கையில் அன்றைக்குக் கல் வாரிய தழும்பு இன்னும் இருந்தது.

"கோவமில்லத்தை. அன்னிக்கு நானும்தானே வாரினேன். அவ வெளிய வந்தப்ப நீங்களாவது அழுகாம இருந்தீங்க, நான் அழுதேன். அப்பறம்தான் யோசிச்சேன். அவ வெளிய வர்றதுக்கு ஊரே ரோட்டை உடைச்சுது. பெரிய வெள்ளிக்கிழமைன்னும் பாக்காம உடைச்சுது. நான் வெளிய போறதுக்கு யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்ல. ஒரு கையெழுத்துதான்."

ஒரு குடும்பம் உள்ளே வந்தது. ஐரா அவர்கள் பக்கம் திரும்பி, சொல்லிக்கொடுத்த சிரிப்போடு, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

பியாங் கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். நான் எழுந்து திறந்துவிட்டேன். அந்த வெயிலில் தலையில் துணிகூடப் போடாமல் பிளாசாவைக் குறுக்கே கடந்தாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் கடையில் போய் உட்கார்ந்திருந்தாள், அதுவும் முடிவெட்டுகிற நாற்காலியில். நான் வந்து சேர்ந்ததும் கண்ணாடி வழியாகவே பேசினாள்.

"தெர்யோ, சாந்தில்லான் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"வரச் சொல்லு. ரூஃபோ சவாரிக்குப் போற நேரமாப் பாத்து வரச் சொல்லு. இல்லைன்னா கடப்பாரையைத் தூக்கிருவான்."

நான் போனைத் தேடி எடுத்தேன். நம்பரைத் தட்டும்போது அவள் நாற்காலியைத் திருப்பி என் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பவுடர் டப்பா, சீப்புகள், காலண்டர், பின்னால் காலியாகக் கிடந்த பழைய கோர்ட்டு அறை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கதவில் வந்து நின்றது பார்வை.

"உன் வாசல் என்ன உயரமிருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் அதன் வழியாகத்தான் வந்து போகிறேன், அளந்து பார்த்ததில்லை. போன் காதில் அடித்துக்கொண்டிருக்க, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று கையை மேலே தூக்கினேன். பியாங் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.